ஆழாக்கு போட்ட பதில்கள்: மாம்பலத்திலிருந்து மந்தைவெளி வரை

போன தை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை இரவு ராஜபாளையத்தில் செங்கோட்டை ரயில் ஏறினேன். சென்னைக்குக் கோயில் பார்க்கப் போகவில்லை, ரங்கநாதன் தெருவில் சேலை எடுக்கவும் போகவில்லை. (எடுத்தேன், அது வேறு விஷயம்.) ஒரு வருஷத்துக்கும் மேலாக எனக்கு அஞ்சலட்டையில் பதில் போட்டுக்கொண்டிருந்த ஓர் எழுத்தாளரின் முகத்தை, அவரைப் பற்றி நான் எழுதிய புத்தகம் அச்சுக்குப் போவதற்குள் பார்த்துவிட வேண்டும் என்று கிளம்பினேன். எழுத்தாளர்களின் வீடு தேடிப் போகிற என்னைப் போன்ற பைத்தியங்கள் இந்த வலைப்பூவை வாசிக்கிறீர்கள் என்று தெரியும். உங்களுக்குத்தான் இது.

எழுத்தாளரின் புனைபெயர் ஆழாக்கு. சொந்தப் பெயர் ஜானகி. ஆள் குள்ளம் என்று, அரிசி அளக்கும் சின்னப் படியின் பெயரில் பள்ளிக்கூடத்தில் வைத்த பட்டப்பெயரையே புனைபெயராக்கிக்கொண்டு, குழந்தைகள் பத்திரிகைகளில் முப்பது வருஷம் எழுதியவர். தண்ணீருக்குப் பயப்படும் எருமை ஒன்று வரும் அவர் கதையை என் ஆறாம் வகுப்புக்கு வாசித்துக் காட்டினேன். பெஞ்சைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். யார் இந்த ஆழாக்கு என்று ஒருத்தி கேட்டாள். தமிழ் டீச்சரான எனக்குத் தெரியவில்லை. நூலகத்திலும் யாருக்கும் தெரியவில்லை. பழைய புத்தகம் ஒன்றின் பின்னட்டையில் மந்தைவெளி முகவரி இருந்தது. போய்ச் சேர்ந்தால் சேரட்டும் என்று ஓர் அட்டை போட்டேன். ஒரே வாரத்தில் பதில் வந்தது.

பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. நான் கேள்வி கேட்பேன், ஒரு வாரத்துக்குள் பதில் வந்துவிடும். போனில் பேச மாட்டார். என்ன பதில்கள் தெரியுமா? "கதை யோசிக்கும்போது கீழுதட்டைக் கடித்துக்கொண்டிருப்பேன். நல்ல வரி கிடைத்ததும் உதட்டை விட்டுவிடுவேன். பல் பட்ட தடம் அரை மணி நேரம் இருக்கும்." இன்னொன்றில்: "தூக்கத்தில் எருமைக்கு வைக்க வேண்டிய பெயர்களை ஒவ்வொன்றாக முணுமுணுப்பேன். பாதிப் பெயரில் சிரிப்பேன்." இப்படி இருபதுக்கு மேற்பட்ட பதில்கள். அவற்றை அப்படியே வைத்து "அவர் சொற்களில்" என்று ஓர் அத்தியாயம் செய்தேன். தன்னைத் தானே எட்ட நின்று பார்க்கத் தெரிந்த எழுத்தாளர் என்று முன்னால் ஒரு பத்தி புகழ்ந்தும் வைத்தேன். அந்தப் பத்தியை எழுதிவிட்டு எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டது உண்மை.

நேரில் வருகிறேன் என்று கேட்டால் மட்டும் அட்டை நழுவிவிடும். வெயில் குறையட்டும் என்று வரும், அப்புறம் மழை நிற்கட்டும் என்று வரும். நான் அவசரக்காரி. இந்தத் தடவை, சனிக்கிழமை வருகிறேன் என்று எழுதிப் போட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்காமல் டிக்கெட் எடுத்துவிட்டேன்.

ரயில் காலை ஏழு மணிக்குச் சற்று முன்னால் மாம்பலத்தில் நின்றது. தி.நகர், மயிலாப்பூர் பக்கம் போகிறவர்கள் எழும்பூர் வரை போக வேண்டியதில்லை, இங்கேயே இறங்கிவிடலாம். அந்த நேரத்தில் ரங்கநாதன் தெருவில் கையை வீசிக்கொண்டு நடக்க முடியும். ஒன்பதரைக்கு மேல் அந்தப் பேச்சே கிடையாது. அங்கேயே ஓர் ஓட்டலில் பொங்கலும் வடையும் காபியும் சேர்த்து நூற்றுப் பத்து ரூபாய். வடையைத் தனியாக வாங்குங்கள், பொங்கலில் போட்டுக் கொடுத்தால் ஊறிப்போகிறது.

தி.நகரில் எனக்கு ஒரு வேலை இருந்தது. ரங்கநாதன் தெருவிலிருந்து பிரியும் ஒரு சந்தில் எவர்சில்வர் பாத்திரக்கடை வைத்திருக்கும் செல்வராஜ் அண்ணாச்சி, சாத்தான்குளம் பக்கத்துக்காரர். சின்ன வயதில் ஆழாக்குவுக்குக் கடிதம் போட்டவர். நான் பத்திரிகையில் வாசகர்களைத் தேடி ஒரு குறிப்பு வெளியிட்டபோது எனக்கு எழுதியிருந்தார். கடை திறந்ததும் போய் நின்றேன்.

"உக்காருங்க டீச்சர். எலே, டீச்சருக்கு ஒரு டீ சொல்லு," என்றவர், கல்லாப் பெட்டிக்கு மேலே மாட்டியிருந்த சாமி படத்தின் பின்னாலிருந்து ஒரு பழுப்பு அட்டையை எடுத்தார். "எருமைய கடைசி வரைக்கும் யாருமே குளிப்பாட்டலன்னு எனக்கு ஒரே வருத்தம். ஈ கடிக்குமேன்னு எழுதிப் போட்டேன். எனக்கு அப்ப எட்டு வயசு. என்ன பதில் வந்துச்சுன்னு பாருங்க."

"அன்புள்ள செல்வராஜ், நீ சொன்ன பிறகு எருமையைக் குளிப்பாட்டிவிட்டேன். குளத்தில் இல்லை, வாளித் தண்ணீரில். பயப்படவில்லை. உனக்கு நன்றி சொல்லச் சொன்னது. ஆழாக்கு."

"எங்க வீட்ல என்கிட்ட யாரு நன்றி சொன்னா அதுவரைக்கும்? எருமதான் சொல்லிச்சு," என்றார் அண்ணாச்சி. கண்ணைத் துடைத்துக்கொள்வதை மறைக்கவுமில்லை. என் பையிலிருந்த புது அட்டைகளை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ழகரத்தின் வாலைச் சுழித்து இழுக்கும் விதம் அன்றும் இன்றும் ஒன்றுதான். அதே கை. அட, இத்தனை வருஷத்தில் கை கூட நடுங்கவில்லையே என்று பூரித்துப்போனேன்.

அங்கிருந்து மந்தைவெளி சுமார் ஐந்து கிலோமீட்டர். சாதாரண பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது, ஆனால் பையும் புதுச் சேலையுமாக ஏற முடியாமல் ஆட்டோவை நிறுத்தினேன். இருநூற்றைம்பது கேட்டார்.

"ஊர்லருந்து வந்தவன்னு தெரிஞ்சு கேக்கீங்களாக்கும்?"

"இன்னாமா நீ, மெட்ரோகாரன் ரோட்ட பூரா நோண்டிக்கினு கீறான். லஸ் கார்னராண்ட போனா அங்கியே குந்திக்கினு இருக்க வேண்டியதுதான். சுத்திக்கினு போணும்மா."

நூற்றெண்பதுக்குப் படிந்தது. ஆழ்வார்பேட்டை வழியாகச் சுற்றினோம், முப்பத்தைந்து நிமிஷம். யார் வூட்டுக்கு என்று கேட்டார். எழுத்தாளர் வீட்டுக்கு என்றேன். சினிமாவுக்கு எழுதுறவரா என்றார். குழந்தைகளுக்கு என்றேன். "அப்ப துட்டு தேறாதேமா," என்று உண்மையாகவே வருத்தப்பட்டார்.

மந்தைவெளி ரயில் நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில், நான்கு வீடுகள் கொண்ட பழைய அடுக்ககத்தின் முதல் மாடி. மணி அடித்தேன். வெள்ளை வேட்டியும் அரைக்கைச் சட்டையுமாக ஒரு பெரியவர் திறந்தார். எண்பதைத் தாண்டியிருப்பார். என் பெயரைச் சொன்னதும் அவர் முகம் வெளுத்துவிட்டது.

"வந்தே வந்துட்டேளா," என்றார் மெல்ல. அவர்தான் பட்டாபி சார், ஆழாக்குவின் கணவர்.

ஜன்னல் ஓரமாக நாற்காலியில் உட்கார்ந்திருந்த அம்மாவை எனக்கு உடனே பிடித்துவிட்டது. உண்மையிலேயே ஆழாக்குதான். கால் தரையில் எட்டவில்லை, அடியில் ஒரு மணை போட்டிருந்தது. "வாங்கோ, எந்த ஊர்?" என்றார். ராஜபாளையம் என்றேன். "அங்க நாய் பிரசித்தம் இல்லையோ," என்று சிரித்தார். நான் உட்கார்ந்து பையைத் திறப்பதற்குள், "எந்த ஊர்?" என்றார். சொன்னேன். நாயைப் பற்றி அதே சிரிப்போடு சொன்னார். மூன்றாவது முறையும் கேட்டபோது நான் பட்டாபி சாரைப் பார்த்தேன். அவர் காபி போடுகிற சாக்கில் சமையலறைக்குள் போனார். நானும் பின்னாலேயே போனேன்.

"மூணு வருஷமா இப்படித்தான்," என்றார், டிகாக்ஷனைப் பார்த்துக்கொண்டே. "ஒருநாள் நன்னா இருப்பா. ஒருநாள் நான் யாருன்னே தெரியாது. உங்க முதல் கார்டு வந்ததும் வாசிச்சுக் காட்டினேன். பதில் போடணும்னு சொன்னா. அது மட்டும் மறக்கல பாருங்கோ. யார் கார்டு போட்டாலும் ஒரு வாரத்துல பதில் போயாகணும், இந்த ஆத்துல அது சட்டம். சரி, என்ன எழுதட்டும்னு பேனாவை வெச்சுண்டு உக்காந்தேன். ஜன்னலையே பாத்துண்டிருந்தா. சாயங்காலம் வரைக்கும் உக்காந்திருந்தேன்."

"அப்புறம் நீங்களே எழுதிட்டீங்க."

"எழுதிட்டேன்."

"கையெழுத்து ஒண்ணா இருக்கே சார். நாப்பது வருஷத்துக்கு முந்தின அட்டையைக் காலையிலதான் பார்த்துட்டு வரேன்."

"அது எப்பவுமே என் கையெழுத்துதான். அவளோடது கோழிக் கிறுக்கல். முதல் கதையை அச்சாபீஸ்ல படிக்க முடியலன்னு திருப்பிட்டா. அதுலேர்ந்து அவ சொல்லுவா, நான் எழுதுவேன். ஆபீஸ்லேர்ந்து வந்து, ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னாடி. எழுதினதை வாசிச்சுக் காட்டணும். அவ சரின்னாத்தான் தபால் பெட்டிக்குப் போகும். அவ வார்த்தையில ஒரு கால் புள்ளி நான் மாத்தினதில்லை." பாலை அடுப்பிலிருந்து இறக்கினார். "இந்த ஒரு வருஷம்தான்."

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. அச்சுக்குப் போகிற அத்தியாயம் ஐயா அது, அவர் சொற்களில் என்று தலைப்பு வைத்திருக்கிறேன் என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "மறதின்னு புஸ்தகத்துல போட்டுடாதீங்கோ டீச்சர். கேட்ட கேள்விக்கு பதில் சொன்னவளாவே இருக்கட்டும். நான் பொய் எழுதல. எல்லாம் நடந்ததுதான்." நான் பொய்யான தலைப்பு போட முடியாது சார் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு அந்தக் காபியைக் குடிக்க முடியவில்லை.

அங்கிருந்து அடையாறு மூன்று கிலோமீட்டர். பாலத்தைத் தாண்டும்போது ஆற்றைக்கூடப் பார்க்கவில்லை, வாசகர்கள் மன்னிக்க வேண்டும். காந்தி நகரில் மரங்கள் அடர்ந்த ஒரு தெருவில் என் பதிப்பாளரின் அலுவலகம் இருக்கிறது. முப்பது வயதுத் தம்பி, கெட்டிக்காரர். நடந்ததைச் சொன்னேன்.

"டீச்சர், புக்லயே பெஸ்ட் போர்ஷன் அதுதான். அதே அட்ரஸ், அதே கையெழுத்து. யார் வந்து கேக்கப் போறாங்க? அப்படியே விட்டுடுங்க. மனசு கேக்கலன்னா தூக்கிடுங்க. திங்கக்கெழம காலையில ஃபைல் பிரஸ்ஸுக்குப் போகணும்."

அப்படியே விடவும் மனசில்லை, தூக்கவும் மனசில்லை. பஸ் டிப்போ பக்கத்தில் ஒரு விடுதியில் அறை எடுத்தேன். ஆயிரத்து நானூறு ரூபாய், சுத்தம், வெந்நீர் காலையில் மட்டும். ஆறு மணி வாக்கில் அட்டைகளை எல்லாம் கட்டிலில் பரப்பி, இந்தப் பெரியவர் என்னை எப்படி ஏமாற்றினார் என்று பார்க்க உட்கார்ந்தேன். உதட்டில் பல் தடம் அரை மணி நேரம் இருக்கும் என்ற அட்டையைப் படித்தேன். தூக்கத்தில் சிரிப்பேன் என்ற அட்டையைப் படித்தேன். அப்புறம்தான் மரமண்டையில் ஏறியது. தன் உதட்டுத் தடத்தை யார் பார்ப்பார்கள்? தூக்கத்தில் தான் சிரித்தது யாருக்குத் தெரியும்? எட்ட நின்று பார்த்த எழுத்தாளராம், நான் எழுதிய லட்சணம். எட்டவெல்லாம் இல்லை. பக்கத்துத் தலையணையிலிருந்து ஒருவர் பார்த்திருக்கிறார். ஐம்பது வருஷம் பார்த்ததை எழுத அவருக்கு ஒரு வருஷம்தான் கிடைத்திருக்கிறது, அதையும் மனைவி பெயரிலேயே எழுதியிருக்கிறார். நான் நன்றாக அழுதேன். பிறகு கீழே போய் ஒரு மசால் தோசை சாப்பிட்டேன்.

மறுநாள் நடந்ததை எழுதிவிட்டால் வழிச்செலவு சொல்ல எனக்கு மனசு வராது, அதனால் உபயோகமானதை இப்போதே சொல்லிவிடுகிறேன். தை, மாசி மாதங்களில் போங்கள், அப்போதுதான் வெயில் தாங்கும். மெட்ரோ வேலை முடியும் வரை லஸ், மந்தைவெளி பக்கம் போக அரை மணி கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். வேளச்சேரி, திருமயிலை பக்கமிருந்து வருகிறவர்களுக்குப் பறக்கும் ரயில்தான் லாபம், மந்தைவெளியிலேயே நிற்கும். ரயில், ஆட்டோ, அறை, சாப்பாடு எல்லாம் சேர்த்து எனக்கு மூவாயிரத்துக்குள் முடிந்தது, சேலை நீங்கலாக. வயதானவர்களைப் பார்க்கப் போனால் பதினொரு மணிக்கு மேல் போங்கள், சாப்பாட்டு நேரத்துக்குள் எழுந்துவிடுங்கள். அவர்கள் வர வேண்டாம் என்று நாசூக்காகச் சொன்னால் என்னைப் போலப் போய் நிற்காதீர்கள். எனக்கு நல்லபடியாக முடிந்தது, உங்களுக்கும் முடியும் என்று உத்தரவாதமில்லை. வீட்டார் சம்மதத்தோடும், பெயர்களையும் அடையாளங்களையும் மாற்றியும்தான் இதை எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு மறுபடி அந்த மணியை அடித்தேன். பட்டாபி சார் இரவெல்லாம் தூங்கவில்லை என்று பார்த்தாலே தெரிந்தது. நான் நேராக விஷயத்துக்கு வந்தேன். அத்தியாயத்தை எடுக்கப் போவதில்லை, ஆனால் தலைப்பை மாற்றி, எழுதியவர் என்று உங்கள் பெயரைப் போடப் போகிறேன் என்றேன்.

"என் பேரா?" அவர் பயந்தே போனார். "கூடவே கூடாது. நான் யாரு? ஆபீஸ்லயும் குமாஸ்தா, ஆத்துலயும் குமாஸ்தா. இது அவ புஸ்தகம்."

"சரி சார். எழுதினதை அம்மாகிட்ட வாசிச்சுக் காட்டினாத்தான் பெட்டிக்குப் போகும்னு சொன்னீங்க. இந்த அட்டைகளை வாசிச்சுக் காட்டினீங்களா?"

அவர் ஜன்னல் ஓரத்து நாற்காலியைப் பார்த்தார். "தைரியம் வரல," என்றார்.

நான் அட்டைக் கட்டை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். எது வேண்டுமோ அதை வாசியுங்கள் என்றேன். ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போய், நான் அதிகம் கவனிக்காமல் விட்ட ஓர் அட்டையில் நின்றார். நாற்காலியை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். ஜானகி அம்மா கையை மடியில் கோத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். கேட்பதற்கு அப்படித்தான் உட்காருவார் போலிருக்கிறது.

"கல்யாணமாகி முதல் தடவை பட்டணத்துக்கு வந்தது மாயவரத்திலிருந்து கரி இன்ஜின் ரயிலில். ஜன்னலை மூட மாட்டேன் என்று சண்டை போட்டு, வழியெல்லாம் தலையை வெளியே நீட்டிக்கொண்டே வந்தேன். விடிந்தபோது கன்னத்தில் ஒரு கரிப்பொட்டு. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, ஒவ்வொரு ஸ்டேஷன் பெயரையும் சத்தமாக வாசித்துக்கொண்டு வந்தேன். எழும்பூரில் அத்தனை கூட்டத்திலும் அந்தக் கரியோடுதான் இறங்கினேன்."

படித்து முடித்து அட்டையைக் கவிழ்த்து வைத்தார். அம்மா கண்ணை மூடியிருந்தார். தூங்கிவிட்டாரோ என்று நினைத்தேன்.

"இது நான் சொன்னது இல்லியே," என்றார்.

"நீ சொன்னதுதான் ஜானகி."

"இல்லை." குரலில் தயக்கமே இல்லை. "கன்னத்துல கரி இருந்தா எனக்கெப்படித் தெரியும்? கண்ணாடியா பிடிச்சுண்டு வந்தேன்? பக்கத்துல உக்காந்துண்டு வந்தவர் எழுதினது இது." என் பக்கம் திரும்பினார். "நீங்கதானே புஸ்தகம் போடறேள்?"

"ஆமாம்மா."

"எழுதினவர் பேரைப் போடுங்கோ. அடுத்தவா எழுத்துல என் பேர் வேண்டாம்."

பட்டாபி சார் தலையைக் குனிந்துகொண்டார். அம்மா அந்த அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு உள்ளே இன்னும் ஏதோ உறுத்தியது.

"ராத்திரி பூரா பாத்துண்டே வந்திருக்காரே. தொடைச்சுக்கோன்னு ஒரு வார்த்தை சொல்லப்படாதோ அந்த மனுஷர்?"

"சொல்லியிருக்கலாம்," என்றார் பட்டாபி சார். "நன்னா இருந்தது. அதான் சொல்லல."

ஜானகி அம்மா புறங்கையால் வலது கன்னத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அது இல்லை," என்றார் பட்டாபி சார். "இந்தப் பக்கம்."